பாஸ் ஒண்ணு, பேரு ரெண்டு

அக்கா பையனுக்கு டெங்கு. தாமல்ல இருந்து தூக்கிக்கிட்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, விட்டுடுங்க. வாசல்ல போர்டு: "ஒரு குழந்தையுடன் ஒருவர் மட்டும்." அக்கா உள்ள, மாமா வெளிய. ஆறு நாள்.

மாமாவுக்குப் பட்டுத்தறி. புடவையில உடம்பு ஒரு கலர், கரை வேற கலர்னா அதுக்குக் கோர்வைன்னு பேரு. பழைய முறையில அதை ஒத்தை ஆளா நெய்ய முடியாது. கரைக்குத் தனி நாடா, அதைப் போட பக்கத்துல இன்னொரு ஆள் உட்காரணும். எங்க வீட்டுல அந்த ஆள் அக்காதான். அக்கா உள்ள போனதும் தறி நின்னுது, கூலியும் நின்னுது. 'ஆயா மாத்தி உட்காரட்டுமே'ன்னு கேட்டோம். பாஸ்ல அக்கா பேருதான் இருக்கு, மாத்த முடியாதுன்னுட்டாங்க.

வெளிய உட்கார்ந்திருந்த நேரத்துல, இந்த மாதிரி ரூல் எல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். (சென்னையில ஆணி புடுங்கறவனுக்கு வேற என்ன தெரியும் :-))

கதை லண்டன்ல கொடுமையா இருக்கு. 1940களின் கடைசியில கூட, கைஸ் ஆஸ்பத்திரியில பெத்தவங்க குழந்தையைப் பார்க்க ஞாயித்துக்கிழமை 2லிருந்து 4 மணி வரைதான் அனுமதி. செயின்ட் தாமஸ்ல முதல் மாசம் பார்க்கவே கூடாது, ராத்திரி 7லிருந்து 8க்குள்ள தூங்கற குழந்தையை எட்டிப் பார்த்துக்கலாம். முதல் காரணம் தொற்று பயம். இன்னொண்ணு, அம்மா வந்துட்டுப் போனா குழந்தை அழும், வார்டே அமளியாகும். வராம இருந்தா கொஞ்ச நாள்ல அமைதியாயிடும். 'பழகிடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டாங்க.

அது பழகின அமைதி இல்ல, நம்பிக்கை விட்டுப்போன அமைதின்னு சொன்னவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1952ல ஒரு படம் எடுத்தார். லாரான்னு ரெண்டரை வயசு கூட ஆகாத பொண்ணு, தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், எட்டு நாள் தனியா இருக்குது. அவ்ளோதான் படம். பார்த்த டாக்டர்கள் பல பேருக்குக் கோபம். ஆனா 1959ல பிளாட் கமிட்டி, பெத்தவங்க எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோட அம்மா கூடவே தங்கலாம்னு பரிந்துரை செஞ்சுது.

நம்ம ஊருக்கு இந்தச் சண்டையே தேவைப்படல. தாமல் வழியா போற பெங்களூர் ரோட்டுலயே மேற்கே போனா வேலூர். 1902ல ஐடா ஸ்கடர் அங்க 40 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்தாங்க. அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரிகள்ல சொந்தக்காரங்க கூடவே தங்கி, சமைச்சுப் போட்டு நோயாளியைப் பார்த்துக்கிட்டாங்க. நாம அவங்களை விட முற்போக்குன்னு காலரைத் தூக்கிக்க வேண்டாம். நர்ஸுங்க பத்தல, அதான். இன்னைக்கும் சோறு ஊட்டறது, துணி மாத்தறது, டிரிப்ஸ் முடிஞ்சா ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடறது எல்லாம் அம்மாதான்.

அப்போ "ஒருவர் மட்டும்"ங்கற போர்டை நான் வேற மாதிரி படிக்கிறேன். அது "ஒருவர் கட்டாயம்." அந்த ஒருத்தர் இல்லாம வார்டு ஓடாது. அவங்க வீட்டுல என்ன வேலை நிக்குதுன்னு போர்டு எழுதினவங்க கேக்கல. வீட்டுல சும்மா இருக்கற ஒரு அம்மாவை மனசுல வச்சுக்கிட்டு எழுதின ரூல் இது.

கூட்டம் கூடக்கூடாது, சரி. தொற்று வரக்கூடாது, அதுவும் சரி. ஆனா ஆள் மாறினா கூட்டம் எப்படிங்க கூடும்?

நாலாம் நாள் ராத்திரி ஒரு சிஸ்டர் கண்டும் காணாம விட்டாங்க. ஆயா உள்ள போச்சு. அக்கா வெளிய வந்து பெஞ்சுல ரெண்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குச்சு. பையன் ஆயா மடியில தூங்கிட்டான். அப்பவும் வார்டுக்குள்ள ஒரு குழந்தைக்கு ஒரே ஆள்தான்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஆலோசனைப் பெட்டியில ஒரு பேப்பர் எழுதிப் போட்டுட்டு வந்தேன்: 'பாஸ் ஒண்ணே இருக்கட்டும். அதுல பேரு மட்டும் ரெண்டு எழுதுங்க.'