வெண்புள்ளியும் குடிவழியும்: ஆடிசன் முதல் மரபணு ஆய்வுகள் வரை

லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் தாமஸ் ஆடிசன், அட்ரினல் சுரப்பி நோய் குறித்து 1855இல் வெளியிட்ட நூலில் 11 நோயாளிகளை விவரித்துள்ளார். அவர்களுள் ஒருவருக்கு அட்ரினல் குறைபாட்டுடன் கொடிய இரத்தசோகையும் தோலில் வெண்புள்ளிகளும் சேர்ந்தே இருந்தன. தோல் கருத்துப்போகும் நோயை விளக்க எழுந்த நூலில் நிறமிழந்த தோலும் பதிவாகியிருப்பது கவனத்திற்குரியது. சுரப்பி, குருதி, தோல் ஆகியன ஒரே உடலில் ஏன் ஒருங்கே பழுதுற்றன என்பதற்கு அன்று விளக்கம் இல்லை.

அடுத்த நூறாண்டுகளிலும் விளக்கம் எளிதாகக் கிட்டவில்லை. உடல் தன் திசுக்களைத் தானே தாக்குவதைத் தவிர்க்கும் என்னும் பால் எர்லிக்கின் கருத்தை, அத்தகைய தாக்குதல் நிகழவே இயலாது என்று பின்வந்தோர் பொருள்கொண்டனர். 1956இல் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோரின் முயல் ஆய்வும், லண்டனில் ராய்ட், டோனியாக், கேம்ப்பெல் ஆகியோர் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் குருதியில் கண்ட எதிர்ப்பொருள்களும் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. வெண்புள்ளியும் பின்னர் இத்தகைய தன்னெதிர்ப்பு நோய்களுள் வைத்து எண்ணப்பட்டது. நிறமியை உண்டாக்கும் செல்களை உடலின் தடுப்பாற்றலே அழிக்கிறது என்பது இன்றைய விளக்கம்.

இந்நோய்கள் குடும்பங்களில் சேர்ந்து வருவதை எண்களால் காட்டியது, ரிச்சர்ட் ஸ்பிரிட்ஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு. வெண்புள்ளி உடையோரிடத்தும் அவர்தம் நெருங்கிய உறவினரிடத்தும் தைராய்டு நோய், கொடிய இரத்தசோகை, ஆடிசன் நோய், லூபஸ் ஆகியன மிகுதியாகக் காணப்பட்டன. ஆடிசனின் ஒற்றை நோயாளி தற்செயல் அல்லர் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. உடன்பிறந்தோரிடத்து வெண்புள்ளியின் அளவு 6.1 விழுக்காடு. இது பொதுமக்களிடத்துக் காணப்படுவதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் ஒரே மரபணுத் தொகுதியுடைய இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 23 விழுக்காட்டு இணைகளில் மட்டுமே. இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். வழிவழியாக வருவது நோயன்று. நோய்க்கு ஆட்படும் இயல்பு.

2007இல் அக்குழுவினர் 17ஆம் குரோமோசோமில் என்ஏஎல்பி1 என்னும் மரபணுவைச் சுட்டினர். பல தன்னெதிர்ப்பு நோய்கள் செறிந்த குடும்பங்களையே தேர்ந்து செய்த ஆய்வாதலால், அம்முடிவை எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்துவது பொருந்தாது. 2010இல் வெளிவந்த முழுமரபணு ஆய்வு இன்னும் சுவையானது. மெலனின் உருவாகத் துணைநிற்கும் டைரோசினேஸின் மரபணுவில், வெண்புள்ளி வாய்ப்பை மிகுவிக்கும் மாற்றுரு மெலனோமா என்னும் தோல்புற்றுநோய் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரிந்தது. நிறமிச் செல்களைக் கடுமையாகக் கண்காணிக்கும் தடுப்பாற்றலின் இரு முகங்களாக இவற்றைக் கருதலாம். 2016இல் ஐரோப்பிய வழியினரிடத்துக் கண்டறியப்பட்ட மரபணு இடங்களின் எண்ணிக்கை 48ஐ எட்டியது.

இந்தியச் சூழலில் இம்முடிவுகளுக்குத் தனிப்பொருள் உண்டு. இங்கு வெண்புள்ளி நெடுங்காலமாக மணவுறவுக்குத் தடையாக இருந்துவருகிறது. செல்வமிருப்பினும் பெண்கொள்ளலாகாத 10 குலங்களைப் பட்டியலிடும் மனுஸ்மிருதி, சுவித்திரம் எனப்படும் வெண்தோல் நோயுடைய குலத்தையும் அவற்றுள் சேர்க்கிறது. அந்நூல் குட்டத்தை அதனின்று பிரித்தே கூறுகிறது. ‘வெண்குட்டம்’ என்னும் தமிழ் வழக்கோ இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை ஹான்சன் 1873இல் கண்டறிந்த பின்னும், எந்தக் கிருமியாலும் பரவாத வெண்புள்ளி அச்சொல்லால் தொற்றின் அச்சத்தையும் குலத்தின் பழியையும் ஒருங்கே சுமந்தது. குடிவழிக்குப் பங்கே இல்லை என்று ஆறுதலுக்காகக் கூறுவதும் சான்றுக்கு முரணானதே. ஆனால் குலத்தையே விலக்கிய அவ்விதி நோயின் வருகையை உறுதியெனக் கொண்டது. அவ்வுறுதி ஒருகரு இரட்டையரிடத்தும் காணப்படவில்லை.