மதியச் சாப்பாட்டு கிளப்பும் ரெண்டு சொட்டு மருந்தும்

தில்லிக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் மாதத்தில் தேடுவது மூன்று. இட்லி அரிசி கிடைக்கும் கடை, ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போகும் வழி, குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளி. ஊரில் ரோட்டரி கிளப்பில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் நாலாவதாக ஒன்று உண்டு. "இங்க பக்கத்துல எந்த கிளப் சார்? என்னைக்கு மீட்டிங்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். என் வீட்டம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மதியச் சாப்பாட்டு கிளப்'. கோட்டு போட்டுக்கொண்டு போவது, மணி அடிப்பது, மாலை போடுவது, போட்டோ எடுப்பது, சாப்பிட்டுவிட்டு வருவது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். ஆனால் இந்தச் சாப்பாட்டு கிளப்புக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் தில்லிக்கு ஒரு பங்கு, நம்ம வேலூருக்கு ஒரு பங்கு, இலங்கைக்குக்கூட ஒரு பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1905 பிப்ரவரி 23, சிகாகோ. பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் ஒரு அலுவலக அறையில் கூடினார்கள். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் செய்பவர். சிறு ஊரிலிருந்து பெரிய நகரத்துக்கு வந்த ஹாரிஸுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. நம்ம ஆட்கள் தில்லிக்கு வந்ததும் தமிழ்ச் சங்கம் தேடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது.

1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் கிளப். சென்னைக்கு 1929-இல் வந்தது. இன்று ரோட்டரியின் தெற்காசிய அலுவலகம் இருப்பது தில்லியில். ஆனால் இந்திய உறுப்பினர்களுக்கு மாதாமாதம் வரும் 'ரோட்டரி நியூஸ்' பத்திரிகை சென்னை எழும்பூரிலிருந்து வெளியாகிறது. தில்லியில் அதைப் பிரிக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் :-)

வாராந்தரக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைவர் மணி அடித்துத் தொடங்குவார். பிறந்த நாள், திருமண நாள் வாழ்த்து. செயலாளர் அறிவிப்பு. பிறகு சிறப்புப் பேச்சாளர். இருபது நிமிஷம், அரை மணி நேரம் பேசுவார். ஒரு வாரம் இதய மருத்துவர், அடுத்த வாரம் வருமான வரி அதிகாரி, அதற்கடுத்த வாரம் யமுனைத் தண்ணீரைப் பரிசோதிக்கும் பேராசிரியர். நன்றியுரை, ஒரு நினைவுப் பரிசு, மறுபடி மணி. ஜூலை 1 வந்தால் தலைவர் மாறிவிடுவார். எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒரே வருஷம்தான். நம்ம ஊர் சங்கங்களில் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்!

இதில் வெளியாட்கள் அதிகம் கேலி செய்தது வருகைப் பதிவேட்டைத்தான். பல காலம் வருகை விதி கறாராக இருந்தது. தன் கிளப் கூட்டத்துக்குப் போக முடியாதவர் வேறு எந்த ஊர் கிளப்புக்காவது போய் அதை ஈடுகட்டலாம். மதுரைக்காரர் வேலை விஷயமாகத் தில்லி வந்தால் இங்கே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கை நேர் செய்துகொள்வார். அறுபது வயது பெரிய மனிதருக்கு என்ன ஸ்கூல் பையன் மாதிரி அட்டென்டன்ஸ் என்று தோன்றும்.

ஆனால் அந்தப் பழக்கம்தான் பிறகு கை கொடுத்தது.

1979-இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ரோட்டரி எடுத்தது. 1985-இல் உலகம் முழுவதற்கும் என்று விரித்து 'போலியோ ப்ளஸ்' என்று பெயர் வைத்தார்கள். 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-க்குள் திரண்டது சுமார் 24.7 கோடி டாலர். அதே 1988-இல் போலியோவை ஒழிப்பது என்று உலக சுகாதார சபை தீர்மானித்தது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் வருஷத்துக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் போலியோவால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் காலில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு தோழனோ தோழியோ இருந்திருப்பார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்த நினைவே இல்லை.

இந்த இடத்தில் வேலூர் வருகிறது. மேல்நாட்டில் மூன்று தவணை சொட்டு மருந்தில் கிடைத்த பாதுகாப்பு நம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் ஆராய்ந்து காட்டினார்கள். தவணைகள் கூட வேண்டும். அதுவும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு நாளில் கொடுத்தால் போதாது. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கிருமிக்குக் குடியிருக்க இடமில்லாமல் போகும். நாடித் துடிப்பு போல விட்டு விட்டு, ஒரே வீச்சில் கொடுப்பதால் 'பல்ஸ்'. வேலூரில் இதைச் செய்து பார்த்த முடிவுகள் 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன.

ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் என்றால் அன்றைக்கு எத்தனை கை வேண்டும்? அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்கள் மட்டும் போதுமா?

தில்லி அதைச் செய்து காட்டியது. 1994 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. அப்போது தில்லி அரசின் சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் ஹர்ஷ் வர்தன் முன்னின்று நடத்திய முகாமில் 10 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட்டார்கள். ரோட்டரிக்காரர்கள் ஆளும் பணமும் வண்டியும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், 1995 டிசம்பரில், நாடு முழுவதும் பல்ஸ் போலியோ தொடங்கியது.

முதல் நாள் உற்சாகம் யாருக்கும் வரும். விஷயம் அதற்கப்புறம்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அடுத்த வருஷம் மறுபடி... இப்படியே 15 வருஷத்துக்கும் மேல். ஒரு நாடு தழுவிய சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். ஞாயிறு பூத், திங்கள் முதல் வீடு வீடாக. ஐஸ் பெட்டி தூக்க வேண்டும். குப்பியின் மேலிருக்கும் சின்னச் சதுரம் கறுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், கறுத்திருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று பொருள். போட்ட குழந்தையின் இடது சுண்டு விரல் நகத்தில் மை வைக்க வேண்டும். தில்லிக்குப் பக்கத்திலேயே, மேற்கு உத்தரப் பிரதேசத்தில், இந்த மருந்து குழந்தைப் பேற்றைத் தடுக்கும் என்று வதந்தி. அங்கே மார்க்க அறிஞர்களைச் சேர்த்து ரோட்டரி ஒரு குழுவே அமைத்து வீட்டுக்கு வீடு பேச வைத்தது.

2009-இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. உலகக் கணக்கில் ஏறத்தாழ பாதி. இது ஒழியாது என்று நிபுணர்களே கை விரித்த நேரம். 2010-இல் புதிய இருவகை மருந்து வந்தது, எண்ணிக்கை 42 ஆனது. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கம் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை. அதுதான் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அந்தப் பழைய வருகைப் பதிவேட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். வாராவாரம் வந்து உட்காரப் பழகியவனால்தான் வருஷா வருஷம் அதே பூத்தில் வந்து உட்கார முடியும். இதுதான் என் கட்சி.

இலங்கைக் கதையும் இதே ரகம்தான். போர் நடந்த காலத்தில் தடுப்பு மருந்து நாட்களில் துப்பாக்கிகள் ஓய்வதற்காக, யுனிசெஃபுடன் சேர்ந்து வடக்கே இயக்கத்தினரோடு பேசிய ரோட்டரிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பின் கே.ஆர்.ரவீந்திரன். 2015-16-இல் அவர் உலக ரோட்டரித் தலைவரானார். 2024 செப்டம்பரில் காசாவில் சொட்டு மருந்துக்காகச் சண்டையைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள் என்று செய்தி படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

எல்லாப் புகழும் கிளப்புக்கே என்று சொல்ல வரவில்லை. இந்தியாவில் பெரும் செலவு அரசுடையது. வெயிலில் படியேறி இறங்கியவர்கள் பெரும்பாலும் அங்கன்வாடிப் பெண்களும் ஆஷா பணியாளர்களும். அந்தப் பெண்களை 1989 வரை உறுப்பினராகவே சேர்க்காத அமைப்பு இது. அதற்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் ஒரு குட்டு வைக்க வேண்டியிருந்தது. வேலையை விடப் பேனர் பெரிதாக இருக்கும் கூட்டங்களும் உண்டு, மறுக்கவில்லை.

கடைசியாக, இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். இயற்கைப் போலியோ பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை. அதனால் இங்கே இன்னமும் போலியோ ஞாயிறு வருகிறது. ஒழிப்பு வேலையில் மிகவும் கஷ்டப்படுத்தியது ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்கள்தான். செங்கல் சூளை, கட்டட வேலை, ரயில் நிலையம் என்று தேடித் தேடிப் போட்டார்கள். வீடு மாறும் குடும்பத்தின் குழந்தைதான் பட்டியலிலிருந்து முதலில் விழும். ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபோது நம் தமிழ்க் குடும்பங்கள் சிலருக்கு நரேலாவில் வீடு, சிலருக்கு எங்கும் இல்லை என்று சிதறிப் போனார்கள். மாற்றலாகி வரும் நாமும் ஒரு வகையில் அந்தக் கூட்டம்தான். வித்தியாசம், நமக்குத் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்து வரத் தெரியும்.

அடுத்த போலியோ ஞாயிறு வரும்போது உங்கள் குழந்தையைக் கூட்டிப் போங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும், எதிரே கட்டடம் கட்டும் ஆளிடமும் "குழந்தைக்குப் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் கோட்டும் வேண்டாம், கிளப்பும் வேண்டாம்.