கட்டளையில் நிற்கும் புனிதம்: இஸ்லாத்தின் மூன்று பள்ளிவாசல்கள்

பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பதை நபிகள் நாயகம் தமக்கு மட்டும் அருளப்பட்ட சிறப்புகளுள் ஒன்றாகச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியிருக்கிறது. அதே தொகுப்புகளில் இன்னொரு நபிமொழியும் உண்டு. மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம், மதீனாவில் உள்ள நபிகளாரின் பள்ளி, ஜெருசலேமின் மஸ்ஜிதுல் அக்ஸா ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் நாடிப் பயணம் புறப்பட வேண்டாம் என்பது அது. எல்லா மண்ணும் தொழுவதற்கு ஏற்றதென்றால் மூன்று இடங்களுக்கு மட்டும் தனித் தகுதி எப்படி வந்தது? பழைய அரபு மண்ணின் கல் வழிபாடும் காவல் நிலங்களும் புதிய சமயத்துக்குள் எச்சமாகத் தங்கிவிட்டன என்று சொல்லிச் சில சமய வரலாற்றாசிரியர்கள் கேள்வியை முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. இம்மூன்று பள்ளிகளின் புனிதம் கல்லிலோ மண்ணிலோ ஊறிக் கிடக்கும் ஆற்றல் அன்று, இறைக்கட்டளை மனிதன்மேல் வைக்கும் கடமையே அது என்பது என் வாதம். இதை நிறுவ இறையியல் நூல்களைவிடச் சட்ட நூல்களே அதிகம் உதவுகின்றன. புனிதம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதனால் தளர்கிறது என்று வரையறுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்ட அறிஞர்களுக்குத்தான் இருந்தது.

ஹிஜ்ரி 64-இல், கி.பி. 683-இல், உமய்யாப் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஅபா தீப்பற்றிச் சிதைந்தது. முற்றுகை நீங்கியதும், மக்காவை ஆண்டுவந்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் அதை அடித்தளம் வரை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார். பழுதானதை மட்டும் செப்பனிட்டால் போதும் என்பது நபித்தோழர் இப்னு அப்பாஸின் கருத்து. ஆனாலும் இடிப்பு நடந்தது. சுவரே இல்லாத அந்த நாட்களில் மக்கள் எதை நோக்கித் தொழுதார்கள்? அவ்விடத்தில் தூண்களை நட்டு அவற்றின்மேல் திரைகளைத் தொங்கவிட்டார் இப்னு ஸுபைர். கட்டடம் எழும்பும்வரை அந்தத் திரைகளே நின்றன என்கிறது முஸ்லிம் தொகுப்பின் அறிவிப்பு. உலக முஸ்லிம்களின் கிப்லாவாக, அதாவது தொழும் திசையாக, சில காலம் துணியும் மரமும் நின்றன. அதனால் யாருடைய தொழுகையும் குறைபட்டதாகக் கருதப்படவில்லை. பின்வந்த சட்ட அறிஞர்கள் இதை விதியாகவே எழுதினார்கள்: கட்டடம் இல்லாமற் போனாலும் அது நின்ற இடத்தை நோக்கித் தொழுவது செல்லும், கஅபாவைவிட உயரமான மலைமேல் நிற்பவர் அதற்கு மேலுள்ள வெளியை நோக்கினாலும் செல்லும். இன்னும் ஆழமான சான்று ஆயிஷா நாயகி அறிவிக்கும் நபிமொழியில் இருக்கிறது. குறைஷியர் இஸ்லாத்துக்குப் புதியவர்களாக இல்லாதிருந்தால், அவர்கள் வெளியே விட்டுவிட்ட ஹிஜ்ர் பகுதியையும் சேர்த்து, இப்ராஹீம் நபியின் அடித்தளத்தின்மேல் கஅபாவைக் கட்டியிருப்பேன் என்று நபிகளார் சொன்னதாக அது கூறுகிறது. புதிதாக நம்பிக்கை கொண்டவர்களின் மனம் கலங்கக் கூடாது என்பதற்காக, உலகின் முதல் இறையில்லத்தின் சரியான வடிவம் கைவிடப்பட்டது. புனிதம் கட்டடத்துக்கே உரியதென்றால் இப்படி ஒரு விட்டுக்கொடுப்பை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கி.பி. 930-இல் கர்மத்தியர் என்ற பிரிவினர் கஅபாவின் கருங்கல்லைப் பெயர்த்துச் சென்று 22 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அது இல்லாமல் தவாஃப் (கஅபாவை வலம் வருதல்) செல்லாது என்று எந்த மத்ஹபும் (சட்டப் பிரிவும்) தீர்ப்புச் சொல்லவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்காவின் ஹரம் எனப்படும் புனித எல்லைக்குள் வேட்டையாடக் கூடாது, தானாக முளைத்த செடியை வெட்டக் கூடாது. பறவைக்கும் புல்லுக்கும் பாதுகாப்பு நீளும்போது அந்த மண்ணுக்கே ஒரு தன்மை இருக்கிறது என்றுதானே பொருள்? வானமும் பூமியும் படைக்கப்பட்ட நாளிலேயே மக்கா புனிதமாக்கப்பட்டது என்றும் நபிமொழி சொல்கிறதே? ஆனால் அந்த நபிமொழியை முழுவதும் வாசிக்க வேண்டும். கி.பி. 630-இல் மக்கா வெற்றியின்போது நபிகளார் அதைச் சொல்கிறார்கள். அங்கே போரிடுவது தமக்கு ஒரு பகலின் ஒரு நேரம் மட்டும் அனுமதிக்கப்பட்டது, பிறகு பழைய தடை திரும்பிவிட்டது என்று உடனே சேர்க்கிறார்கள். அப்போது நபிகளாரின் சிறிய தந்தை அப்பாஸ் குறுக்கிட்டு, இத்கிர் புல்லுக்கு மட்டும் விலக்கு வேண்டும், கொல்லர்களும் வீட்டுக்காரர்களும் அதை நம்பியிருக்கிறார்கள் என்று கேட்கிறார். விலக்கு அந்த இடத்திலேயே கிடைக்கிறது. படைப்பின் தொடக்கம் முதல் நிலவும் புனிதம் ஒரு நேரத்துக்கு விலக்கி வைக்கப்படுகிறது. கொல்லனின் உலைக்காக ஒரு புல்லின் மட்டில் தளர்கிறது. மண்ணின் இயல்பாக இருந்தால் அதைத் தளர்த்த யாராலும் முடியாது. ஆணையாக இருப்பதால்தான் ஆணையிட்டவன் விலக்களிக்க முடிகிறது. மதீனாவை நபிகளார் ஹரமாக அறிவித்ததும் இவ்வகையே. ஜெருசலேமுக்கோ, மூன்றாவது ஹரம் என்று பேச்சு வழக்கில் அழைத்தாலும், வேட்டைத் தடையோ மரம் வெட்டும் தடையோ சட்டத்தில் கிடையாது.

மூன்று பள்ளிகளின் தகுதி ஒன்றோடொன்று எப்படி உறவு கொள்கிறது என்பது நேர்ச்சைச் சட்டத்தில் தெரியவருகிறது. நோயுற்ற ஒரு பெண், குணமானால் பைத்துல் முகத்தஸில் (ஜெருசலேமில்) சென்று தொழுவதாக நேர்ந்துகொண்டார். குணமாகிப் பயணத்துக்கு ஆயத்தமானபோது, நபிகளாரின் துணைவியார் மைமூனா நாயகி அவரைத் தடுத்தார்கள்: கட்டி வைத்த உணவை இங்கேயே உண்டுவிட்டு நபிகளாரின் பள்ளியில் தொழுதுகொள், அங்கே தொழும் ஒரு தொழுகை கஅபாவின் பள்ளி தவிர மற்றவற்றில் தொழும் ஆயிரத்தைவிட மேலானது. ஷாஃபி சட்டம் இந்த வழியில்தான் செல்கிறது. பள்ளியில் தங்கியிருக்கும் இஃதிகாஃபை இம்மூன்றில் ஒன்றில் நேர்ந்தவர் அதைவிட உயர்ந்ததில் நிறைவேற்றலாம், தாழ்ந்ததில் கூடாது. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்து இன்னும் ஒரு படி மேலே போய், தொழுகை நேர்ச்சையில் இடத்தைக் குறித்தது கட்டுப்படுத்தாது என்கிறது. காயல்பட்டினமும் கீழக்கரையும் முதல் மத்ஹபிலும், ராவுத்தர்கள் இரண்டாவதிலும் நிற்பதால் இரு நிலைப்பாடுகளும் தமிழ் மண்ணுக்குப் புதியவை அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கே உரிய ஆற்றல் இருந்திருந்தால் ஜெருசலேமில் பெறவேண்டியதை மதீனாவில் பெற வழியே இல்லை. இங்கே ஈடு செய்ய முடிகிறது. காரணம், வணக்கம் ஒன்றே. அதற்குரிய நன்மையின் அளவை மட்டும் இறைவன் இடத்துக்கு இடம் கூட்டி வைத்திருக்கிறான்.

ஆனால் ஜெருசலேமே என் வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோலத் தோன்றும். ஹிஜ்ரத் என்னும் மதீனாப் புலப்பெயர்வுக்குப் பின் 16 அல்லது 17 மாதங்கள் முஸ்லிம்கள் அதை நோக்கித் தொழுதார்கள்; பிறகு குர்ஆனின் அல்பகரா அத்தியாய வசனங்கள் கிப்லாவை மக்காவுக்கு மாற்றின. புனிதம் கட்டளையால் மட்டும் வருவதென்றால், கட்டளை நீங்கியதும் புனிதமும் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்திச் சொல்ல வைக்கிறது. நீங்கியது திசை பற்றிய கட்டளை மட்டுமே; பயணத்துக்குரிய தகுதி தனியாக நீடித்தது. அது நீடிக்கக் காரணம், இறைத்தூதர்கள் அங்கே வணங்கிய வரலாற்றைக் குர்ஆன் தனதாக ஏற்றுக்கொண்டதுதான். இரவுப் பயணத்தைக் கூறும் 17:1 வசனம் அதை மஸ்ஜித் என்று அழைத்த காலத்தில் அங்கே முஸ்லிம்களின் கட்டடம் எதுவும் இல்லை. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சென்ற ஆர்குல்ஃப் என்ற கிறித்தவப் பயணி கண்டது, இடிபாடுகளின்மேல் பலகையும் உத்திரமும் கொண்டு எழுப்பிய எளிய தொழுமிடம். பாறைக்குவிமாடம் எழுந்தது ஹிஜ்ரி 72-இல்தான். ஆக, கட்டளையோடு நினைவும் சேர்கிறது. எந்த நினைவு புனிதம் என்பதையும் வஹீ என்னும் இறைச்செய்தியே தேர்ந்தெடுக்கிறது.

மூன்று பள்ளி நபிமொழியே அரசியலின் விளைவு என்று 1890-இல் ஆய்வாளர் இக்னாஸ் கோல்ட்சிஹர் வாதிட்டார். மக்கா இப்னு ஸுபைரின் கையில் இருந்ததால், சிரியர்களின் ஹஜ்ஜை ஜெருசலேமுக்குத் திருப்ப உமய்யா கலீஃபா அப்துல் மலிக் விரும்பினார், நபிமொழி அறிவிப்பாளர் ஸுஹ்ரி அதற்கேற்ப நபிமொழியை வழங்கினார் என்பது வரலாற்றாசிரியர் யஅகூபியின் நூலை நம்பி அவர் கட்டிய கருத்து. ஸுஹ்ரி வராத அறிவிப்பாளர் தொடரில், அபூ ஸயீத் அல்குத்ரீ வழியாகவும் இதே நபிமொழி புகாரியில் இருக்கிறது. முற்காலத்தில் இரண்டு பள்ளிகளை மட்டும் குறிப்பிட்ட அறிவிப்புகளும் இருந்தன என்று ஆய்வாளர் கிஸ்டர் காட்டியிருப்பதால், ஜெருசலேமின் இடம் பற்றி விவாதம் நடந்தது உண்மை. ஆட்சியாளர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஆனால் மக்காவுக்குப் போட்டியாக ஒரு தலத்தை நிறுத்த விரும்புகிறவர் அதை மூன்றாவதாக வைக்கும் நபிமொழியையா புனைவார்? மக்காவில் தொழுதால் ஜெருசலேம் நேர்ச்சை தீர்ந்துவிடும், மறுதலையாகத் தீராது என்ற ஷாஃபி சட்டம் அந்த நோக்கத்துக்கு நேர் எதிரானது.

இந்த நபிமொழியை முன்வைத்துத்தான் சட்ட அறிஞர் இப்னு தைமிய்யா அடக்கத்தலங்களை நாடிப் பயணம் செய்வதை மறுத்தார். அதனால் 1326-இல் டமாஸ்கஸ் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1328-இல் அங்கேயே இறந்தார். தகிய்யுத்தீன் சுப்கீ அவருக்கு மறுப்பு நூல் எழுதினார். தமிழகத்தின் தர்கா விவாதங்களிலும் இதே நபிமொழி இரு தரப்பாலும் எடுத்தாளப்படுகிறது. விவாதம் எவ்வளவு கடுமையானாலும், அது கட்டளையின் எல்லை பற்றியது: தடை பள்ளிகளுக்கு மட்டுமா, எல்லாத் தலங்களுக்குமா? இவர்களுக்கு முன்பே அறிஞர் கஸ்ஸாலி, பயணம் வேண்டாம் என்றதற்குக் காரணம் மூன்றுக்கு அப்பால் பள்ளிகள் யாவும் தகுதியில் சமம் என்பதே என விளக்கியிருந்தார். அந்த விளக்கத்தின்படி, டமாஸ்கஸின் உமய்யாப் பெரும்பள்ளியை நாடிச் செல்பவருக்குத் தம் தெருப் பள்ளியில் கிடைக்காத எதுவும் அங்கே கூடுதலாகக் கிடைப்பதில்லை.