மழை விட்டதும் பெட்டியைத் திறக்கணும்

பதுளையில் பனி கொட்டும் குளிர்காலம் இல்லை. மார்கழி, தை மழைதான் நமக்குக் குளிர்காலம். விடாமல் பெய்யும் அந்த வாரங்களில் தேனீ வெளியே போகாது, சேர்த்து வச்ச தேனைத் தின்னே நாளை ஓட்டும். மழை விட்டதும் பெட்டியைத் திறந்து அடிப்பலகையைச் சுரண்டணும். மெழுகுப்பூச்சி அரிச்ச பழைய அடையை வெட்டி எறியணும். எறும்பு ஏறாம இருக்க, பெட்டிக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தணும். தேன் தீர்ந்திருந்தா சீனிப்பாகு வைக்கணும். வைக்காம விட்டா நம்ம ஊர்த் தேனீ கூட்டத்தோட கிளம்பிடும். அதுக்கு ரோசம் ஜாஸ்தி.

இந்தப் பெட்டி நமக்கு ரொம்பப் பழசில்லை. கண்டி ராச்சியத்தில் ஏறத்தாழ 19 வருசம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதிய புத்தகத்தில், ஊரே திரண்டு காட்டுக்குப் போய் மலைத்தேன் எடுத்து வந்ததைச் சொல்கிறார். வெள்ளைக்காரன் பெட்டி நம்ம சிறிய தேனீக்குப் பெருசு. 1910களில் தமிழ்நாட்டில் நியூட்டன் பாதிரியார் அதைச் சின்னதாக்கினார். அவர் பேரில்தான் 'நியூட்டன் பெட்டி'.

ஆனால் பெட்டி வந்தா போதுமா? பூ வேணுமே. கோப்பிக் காலத்தில் மழைக்குப் பிறகு மலைச்சரிவே வெள்ளையாப் பூக்கும், தேனீக்கு அது விருந்து. 1869இல் நம்ம மடுல்சீமைப் பக்கம்தான் கோப்பி இலைத்துரு நோய் முதலில் தெரிஞ்சது. கோப்பி அழிஞ்சு தேயிலை வந்தது. தேயிலையும் பூக்கும்தான். ஆனால் ஓயாம கொழுந்து பறிச்சு, கவ்வாத்தும் வெட்டினா செடி எங்க பூக்கும்?

பூ போனது ஒரு பக்கம். 10க்கு 12 அடிக் காம்பராவில் பிறந்த நம்ம ஆட்களுக்குக் கொல்லை ஏது? லயத்துக்குப் பின்னால இருக்கிற துண்டு மண்ணும் தோட்டத்துடையது. தேன் தர்ற மரம் வளர வருசக்கணக்காகும். நாளைக்கு யாருடையதுன்னு தெரியாத மண்ணில் எவன் நடுவான்?

அதனாலதான் தேனீ நமக்கு வேற பேரில் அறிமுகம்: குளவி. செய்தியில் 'குளவி கொட்டி' என்று வருவதில் சிங்களத்தில் பம்பரா என்கிற மலைத்தேனீயும் சேர்த்தி. வறண்ட தாழ்நிலத்துக்கும் மலைக்கும் பருவம் பார்த்து இடம் மாறும் அது, மலையில மலை ஓரத்து உயரமான மரங்களில் அடை கட்டும். கீழே கொழுந்து பறிக்கிறவங்க முகத்தில்தான் அது இறங்கும். செத்தும் போயிருக்காங்க. பெட்டித் தேனீக்குத் தேன் கொடுக்கிற யூகலிப்டஸ்தான் இதுக்கும் வீடு.

விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருப்பது பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவவில். அந்தப் பேரைக் கேட்டதும் 2000 ஒக்டோபர் 25தான் நமக்கு ஞாபகம் வரும், புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட நாள். அந்த ஊருக்குத் தேனீ பழகவும் போகலாம் என்பது நம்மில் பலருக்குத் தோணுவதே இல்லை.

இப்போ சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியோட தனி வீடு கிடைச்சிருக்கு. பெட்டி வைக்க ரெண்டடி போதும். வீடு போக மிச்ச மண்ணில் ஒரு கொய்யா, ஒரு முருங்கை நடலாம். மழை விட்டதும் அந்தப் பெட்டியைத் திறக்கலாம்.