பெயரில்லாப் படங்கள்

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்த நம்மவரின் உருவங்கள் பழைய படங்களிற் பஞ்சமின்றிக் கிடைக்கின்றன. கத்தி பிடித்து மரத்தடியில் நிற்பவர், காண்டாவாளி சுமப்பவர், லயத்து வாசலிற் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்பவர் என எல்லாரும் அவற்றில் உளர். பெயர் மட்டும் இல்லை. "தமிழ்க் கூலி" என்றோ, "கிளிங்" என்ற இழிசொல்லையோ அடியில் அச்சிட்டுத் தபாலட்டையாக விற்றிருக்கின்றனர். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்கு வரலாறு எழுதி வைத்துள்ளார்கள். அவ்வினத்து மரங்களை வெட்டியே வாழ்ந்து மடிந்த மனிதனுக்கு ஒரு வரி எழுதினார்களில்லை.

இவ்வழக்கம் மலேயாவுக்கு மட்டும் உரியதன்று. 1868 முதல் 1875 வரை, இந்திய அரசாங்கத்தின் ஆதரவில், "இந்திய மக்கள்" என்னும் நூல் எட்டுப் பாகங்களாக வெளிவந்தது. அதிற் சாதிக்கொரு படம்; பல படங்களுக்குக் குணச் சான்று வேறு! இன்ன கூட்டத்தான் உழைப்பாளி, இன்ன கூட்டத்தான் நம்பத்தகாதவன் என்று எழுதி, படத்தையே அதற்குச் சாட்சியாக்கினர். நம் நாட்டுப் பழைய வருணப் பித்துக்கு அயலானின் புதுக் கருவியும் துணை நின்றது.

அதே காலத்தில் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இப்பக்கம் வந்தார். 1862-இல் வந்தவர் பினாங்கிலும் தங்கிப் பல திறத்து மக்களைப் படமாக்கினார். படம் அச்சிடவும் உடனிருந்து உதவவும் சென்னை நாட்டார் இருவரைப் பழக்கிக்கொண்டதாக, 1875-இல் வெளியிட்ட தம் நூலில் அவரே கூறுகிறார். சீனர் அதைப் பேய் வித்தை என்று மறுத்துவிட்டனராம். ஆகவே இந்நாட்டுப் பழம்படங்கள் சிலவற்றை அச்சிட்டு எடுத்த கை தென்னாட்டான் கை. அவ்விருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை.

பின்னர்ப் பேராக்கில் ரப்பர் பரவிய காலத்து எடுத்த படங்களைச் சற்று உற்று நோக்குக. பால்வெட்டு வைகறையிலே நடப்பது. வெயில் ஏற ஏறப் பால் குறையும். பழைய கண்ணாடித் தகட்டுக்கோ நல்ல வெளிச்சம் வேண்டும். ஆள் அசையாது நிற்கவும் வேண்டும். ஆகையால் அப்படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் வேலையன்று. வேலை செய்வதுபோல் நிற்கச் சொல்லி நின்ற நிலையே. கொசுக்கடியும் பனியீரமும் அதில் ஏது?

தோட்டத்துக் கூட்டுப் படத்தில் துரை நடுநாற்காலியில் இருப்பார். கிராணிமார் பக்கத்தில் இருப்பர். தொழிலாளி பின்னே நிற்பான், அல்லது தரையிற் குந்துவான். அதே மனிதன் சம்பளம் வாங்கி ஈப்போவுக்குப் போய், சீனர் நடத்திய போட்டோக் கடையில் நாற்காலியிற் கால்மேற் கால் போட்டு அமர்ந்தான். பின்னே திரையில் எழுதிய மாளிகை, பக்கத்திற் பூச்சாடி. இதனைப் பகட்டென்று நகைப்பாரும் உளர். நாம் நகையோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டாற் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதாகும். அக்காலத்தில் ஒரு நாற்காலி சிறு பொருளா? அப்படந்தான் ஊரிலிருந்த தாய்க்குத் தபாலிற் போயிற்று.

இறுதியில் அரசாங்கமே ஒவ்வொருவரையும் படம் பிடிக்க முற்பட்டது. 1948 ஜூன் 16-இல் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிரகடனமாயிற்று. 12 வயது நிரம்பிய யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருத்தல் வேண்டும் என விதித்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அக்கார்டுகளைப் பறித்துக் கிழித்தனர். கார்டின்றி அகப்பட்டவனையோ படையினர் ஐயுற்றனர். இடையில் நின்று இடிபட்டவன் தொழிலாளி. சந்தேகத்திற் பிறந்த படந்தான் அது. ஆயினும் தோட்டத்துப் பெண்கள் பலர்க்கு அதுவே முதற்படம். அவர்கள் முகமும் பெயரும் ஒரே தாளிற் சேர்ந்ததும் அதிலேதான்.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவரின் தகரப் பெட்டியில் அச்சிறு படம் தங்கிற்று. ஆள் இறந்தபின் அதையே பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலை சூட்டிச் சுவரில் மாட்டிய பிள்ளைகள், அதன் அடியிற் பெயரும் பிறந்த ஊரும் மறைந்த நாளும் எழுதினர்.