கண்ணை மறைத்துக்கொண்டு கார் ஓட்டிய மனிதர்



புதுக் கார் வாங்கியதும் படம் அனுப்புகிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. எல்லாப் படங்களிலும் நடுவில் ஒரு பெரிய தொடுதிரை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1960களில் அமெரிக்காவில் ஜான் சென்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு ஹெல்மெட் செய்தார். அதிலிருந்த மூடி விட்டு விட்டு இறங்கிக் கண்ணை மறைக்கும். அதை மாட்டிக்கொண்டு அவரே நெடுஞ்சாலையில் கார் ஓட்டினார். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி கூர்மையானது: ஓட்டுகிறவர் எவ்வளவு நேரம் சாலையைப் பார்க்காமல் இருக்கலாம்? வேகம் கூடினால் அடிக்கடி பார்த்தே ஆகவேண்டும் என்பது விடை. 1967இல் ஆய்வு வெளிவந்தது. 2011இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது.

இடையில், 1986இல் ப்யூக் நிறுவனம் ரிவியேரா காரில் தொடுதிரை வைத்தது. பழைய ரேடியோவின் குமிழை விரல் தடவியே கண்டுபிடித்துவிடும். திரையில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? கண்தான் போகவேண்டும். வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திரை போய்விட்டது.

கண் சாலையில் இருந்தால் மட்டும் போதுமா? 1997இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வு, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் விபத்து அபாயம் சுமார் 4 மடங்கு என்றது. போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மனமும் சாலையில் இருக்க வேண்டும்.

2013இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கார் நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் தந்தது. திரையில் ஒரு வேலைக்காகக் கண் விலகுவது ஒவ்வொரு முறையும் 2 நொடிக்குள், மொத்தம் 12 நொடிக்குள் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் வழிகளில் ஒன்று, விட்டு விட்டுப் பார்வையை மறைக்கும் கண்ணாடி. சென்டர்ஸின் ஹெல்மெட்டேதான்!

ஒரு சின்னக் கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் 2 நொடிக்கு எவ்வளவு தூரம்? 33 மீட்டர். நம் ஊர்ச் சாலையில் அதற்குள் ஒரு மாடு குறுக்கே வரலாம், ஒரு குழந்தையும் வரலாம்.

இப்போது ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண் குறைக்கிறது.

மேப்பையும் பாட்டையும் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள். என்னிடம் பேசத் தோன்றினால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழையுங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்.