தொம்மலூர்க் கல்லும் மெய்நிகர்க் காட்சியும்



பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையும் இன்னர் ரிங் ரோடும் சந்திக்கும் இடத்தில் தொம்மலூர் மேம்பாலம் அமைந்திருக்கிறது. அதன்மீது விரையும் வண்டிகளில் செல்வோர் கண்ணாடிச் சுவர்களையுடைய கணிப்பொறி நிறுவனங்களையே காண்பர். ஆனால் அதற்கு அணித்தே, குடியிருப்புத் தெருக்களின் நடுவே, சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. சோழர் காலத்தது என்று கருதப்படும் அக்கோயிலில் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து, பல்லாண்டுகள் அவ்வழியே அலுவலகம் சென்று திரும்பும் தமிழருள் பலர் அவற்றை அறியார். நானும் நெடுங்காலம் அறியாதவனாகவே இருந்தேன்.

அச்சாசனங்களை முன்வைத்து, மெய்நிகர் ஆராய்ச்சி என்று இன்று வழங்கும் விஞ்ஞானத் துறை எவ்வாறு வளர்ந்தது, அது நம் வரலாற்றுக்கு எவ்வகையில் உதவுகிறது, அதனிடத்தில் நாம் கொள்ளவேண்டிய எச்சரிக்கை யாது என்பன பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கல் கூறுவதைக் கேட்போம். இவ்வூர் சாசனங்களில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. பட்டணம் என்னும் பெயர் பண்டை நாளில் வணிகம் சிறந்த ஊர்களுக்கு வழங்கியது. கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவன் சொக்கப்பெருமாள். மதுரையில் சிவபெருமானுக்கு வழங்கும் சொக்கன் என்னும் பெயரை இங்கே திருமால் ஏற்றிருப்பது நம் கருத்தைக் கவர்வது. அழகியார் என்பவர் இக்கோயிலுக்கு 2 நிலைக்கால்கள் அளித்த செய்தியை 1270-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று கூறுகிறது. ஒரு தம்பதியர் ஜலப்பள்ளி என்னும் ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் உள்ள நிலங்களைப் பெருமாளுக்கு விட்டதை மற்றொன்று தெரிவிக்கிறது. போசள மன்னன் வீர ராமநாதனுடைய ஆணையும் இங்கே உண்டு. அவன் திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். பின்னர், 15-ஆம் நூற்றாண்டில், விஜயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தில் ஊரின் வரிகளும் சுங்கங்களும் கோயிலுக்கு விடப்பட்டன. நிலைக்கால் கொடுத்தவர், நிலம் விட்டவர், வரி விட்டவர் என்று ஒரு சிற்றூரின் வாழ்க்கை முழுவதும் அக்கல்லில் அடங்கியிருக்கிறது.

இச்செய்திகளை நாம் அறிவதற்குக் காரணமானவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். பெங்களூரிலேயே 1837-ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர் அவர். மைசூர் அரசின் தொல்பொருள் துறையை நடத்தி, எபிகிராபியா கர்னாடிகா என்னும் சாசனத் தொகுதிகளை வெளியிட்டார். பெங்களூர் மாவட்டச் சாசனங்கள் அடங்கிய 9-ஆம் தொகுதி 1905-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கன்னடச் சாசனங்களோடு தமிழ்ச் சாசனங்களும் அதில் இடம்பெற்றன.

அக்காலத்துச் சாசன ஆராய்ச்சியாளரின் கருவிகள் எளியவை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளங்களுள் இறக்குவர். பிறகு மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றுவர். மேடு கருமையாகவும் பள்ளம் வெண்மையாகவும் பதியும். இதற்கு மைப்படி என்று பெயர். தாளில் எழுத்து தெளியாதபோது கல்லை விரலால் தடவிப் பார்ப்பதும் உண்டு. கண்ணுக்குத் தப்பிய கோட்டை விரல் கண்டுபிடிப்பது இத்துறையில் பழகியோர் நன்கறிந்தது.

மைப்படி எடுத்தவர்கள் கல்லின் நகலையே கொண்டு சென்றார்கள். கல் வயலிலும் ஏரிக்கரையிலும் கோயில் முற்றத்திலும் நின்றது. நகரம் வளர்ந்தது, ஏரிகள் தூர்ந்து மனைகளாயின, சாலைகள் அகன்றன. 1905-ஆம் ஆண்டுத் தொகுதியில் பதிவான கற்களுள் பல இன்று அந்தந்த இடத்தில் இல்லை. சில அடித்தளத்தில் புதைந்தன, சில உடைபட்டன. எஞ்சியவற்றிலும் சில சுண்ணாம்பாலும் வர்ணத்தாலும் மூடுண்டன. கல் அழிந்த இடங்களில் மைப்படியும் அச்சிட்ட பாடமுமே சான்றாக நிற்கின்றன. ஆகவே கல்லைக் காப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது நல்ல நகல் எடுத்தலும் ஆகும்.

இனி, மெய்நிகர் ஆராய்ச்சியின் கதைக்கு வருவோம். இல்லாத பொருளை இருப்பதுபோல் கண்முன் நிறுத்தும் முயற்சி புதிதன்று. 1838-ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஒரு கருவியை லண்டன் ராயல் சங்கத்துக்கு விளக்கினார். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைப்பதால் ஆழம் புலப்படுகிறது. அவர் இரண்டு சித்திரங்களை வரைந்து, இரு கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கண்ணுக்குக் காட்டினார். தட்டையான தாள்கள் திரண்ட உருவமாய்த் தோன்றின. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டிலேயே.

அக்காட்சி அசையாதது. காண்பவர் தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறவேண்டும். அப்போதுதான் அங்கேயே இருக்கிறோம் என்னும் உணர்வு பிறக்கும். இதனைக் கணிப்பொறியால் நிறைவேற்றியவர் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து. 1968-ஆம் ஆண்டில் அவர் விளக்கிக் காட்டிய கருவியைத் தலையில் அணிந்துகொள்ள வேண்டும். அது கூரையிலிருந்து ஒரு கையினால் தொங்கியது. தலை அசையும் திசையை அக்கை அளந்து கணிப்பொறிக்குத் தெரிவித்தது. அதில் தெரிந்தவை வெறுங் கோடுகளாலான எளிய உருவங்களே. எனினும், அறையும் கோட்டுருவமும் ஒருங்கே தெரியுமாறு அக்கருவியின் கண்ணாடிகள் அமைந்திருந்தன. எனவே பிற்காலத்தில் இரு கிளைகளாகப் பிரிந்த துறைக்கு அதுவே பொது வித்தாயிற்று.

அக்கிளைகளுள் ஒன்று விர்ச்சுவல் ரியாலிட்டி எனப்படும் மெய்நிகர்த் தோற்றம். அதில் காண்பவை முழுவதும் கணிப்பொறி படைத்தவை. மற்றொன்று ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய்த் தோற்றம். அதில் மெய்யுலகம் கண்முன் இருக்க, அதன்மேல் கணிப்பொறி சிலவற்றைச் சேர்த்துக் காட்டும். இப்பெயர் வழங்கிய வரலாறு சுவையானது. 1990-ஐ ஒட்டி, போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல் என்பவர், விமானத்தின் மின்கம்பிகளைக் கோக்கும் தொழிலாளர் பெரிய வரைபடங்களை அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருப்பதைக் கருதினார். கம்பி செல்லவேண்டிய வழி வேலை செய்யும் பலகையின் மேலேயே தெரிந்தால் நன்றல்லவா என்று எண்ணினார். அவ்வெண்ணத்துக்கே அப்பெயரை இட்டார். 1997-ஆம் ஆண்டில் ரொனால்ட் அசுமா என்னும் ஆராய்ச்சியாளர் இதற்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார்: மெய்யும் படைப்பும் கலந்திருத்தல், அப்போதைக்கப்போது நமக்கேற்ப இயங்குதல், சேர்க்கப்பட்டது தன் இடத்தில் பிசகாமல் பொருந்தி நிற்றல். மூன்றாவதே அரிது. ஒரு தூணின்மேல் காட்டப்படும் எழுத்து, நாம் ஓரடி நகர்ந்ததும் தூணைவிட்டு விலகி அந்தரத்தில் மிதக்குமாயின் பயன் யாது?

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி கோயில்களையும் பழைய நகரங்களையும் நாடியது இயல்பே. மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை, ஹம்பியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்திய மின்மரபுத் திட்டம் ஒன்றை நடத்தியது. கலை ஆராய்ச்சியாளரும் பொறியியலாரும் அதில் கூடி உழைத்தனர். அதன் பயன்களை விளக்கும் நூல் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் இயங்கும் குழுவினர் தொடுவுணர்வு பற்றி ஆராய்கின்றனர். காட்சியில் தோன்றும் பொருளை விரல் உணருமாறு செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கங்களுள் ஒன்று. கல்லை விரலால் படித்த பழைய ஆராய்ச்சியாளரை இங்கே நினைவு கூர்வது பொருந்தும்.

பெங்களூரிலோ, இவ்வழியில் சாசனங்களுக்கென்றே ஒரு முயற்சி நடைபெறுகிறது. 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி என்னும் ஆராய்ச்சிச் சங்கம், 2021-ஆம் ஆண்டில், நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சாசனங்களை முப்பரிமாண முறையில் படியெடுக்கும் பணியைத் தொடங்கியது. ஊர் ஊராய்ச் சென்று தொலைந்த கற்களைத் தேடிய ஆர்வலர்களின் உழைப்பு இதற்கு முன்னோடியாயிற்று. ஒளிவருடி என்னும் கருவி கல்லின் மேல் ஒளிக்கோலங்களை வீசுகிறது. மேடுபள்ளங்களில் அக்கோலம் வளைவதை ஒளிப்படக் கருவி கண்டு, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணக்கிடுகிறது. கல்லின் உருவம் முழுவதும் எண்களாய்ச் சேமிக்கப்படுகிறது. பின்னர்த் திரையில் அக்கல்லைத் திருப்பலாம். விளக்கை எந்தப் பக்கத்திலிருந்தும் வீசுவதுபோல் செய்யலாம். நேர்வெயிலில் மறைந்திருந்த எழுத்து, சாய்ந்த ஒளியில் நிழல் கொண்டு எழுகிறது. கன்னட எழுத்தாயினும் தமிழ் எழுத்தாயினும் அங்கே வேற்றுமை இல்லை. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமிழ்க் கல்லையும் தேடிக் காப்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். தொம்மலூர்க் கல் தமிழில் அமைந்தது. ஆயினும் அது கன்னட நாட்டின் வரலாற்று ஏடும் ஆகும்.

இத்தகைய நகலினின்று இன்னொரு படி மேலே செல்வது எளிது. சிதைந்த கோயிலை முழுமையாக்கலாம். தேசிமாணிக்கப்பட்டணத்துக் கடைத்தெருவையும் அங்கே நடமாடும் வணிகரையும் படைக்கலாம். கண்ணாடி அணிந்தவர் அத்தெருவில் நடக்கலாம். ஆனால் அத்தெருவின் அகலம் எவ்வளவு, வீடுகள் ஓடு வேய்ந்தவையா கூரை வேய்ந்தவையா என்று சாசனம் கூறவில்லையே! கட்டுரை எழுதுவோர் அறியாத இடத்தில் "இருக்கலாம்" என்று எழுதித் தப்பிக்கொள்வர். சித்திரத்துக்கோ அவ்வாறு தயங்கத் தெரியாது. ஊகமும் உண்மையும் அதில் ஒரே ஒளியில் நிற்கும்.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். மூலத்தில் இல்லாத சொல்லைப் பொருள் விளக்கத்துக்காகச் சேர்க்க நேர்ந்தால், அதனை அடைப்புக்குறிக்குள் இடுவது எங்கள் ஒழுக்கம். சாசனம் பதிப்பிப்போரும் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும்போது அவ்வாறே செய்வர். அடைப்புக்குறி என்பது ஒரு நேர்மை. 2006-ஆம் ஆண்டில் அறிஞர்கள் கூடி வகுத்த லண்டன் சாசனம் என்னும் நெறிமுறை, கணிப்பொறிக் காட்சிகளில் சான்று எது, ஊகம் எது என்பது விளங்கவேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஊகித்த சுவரை வேறு நிறத்தில் காட்டலாம். தொட்டால் ஆதாரம் தோன்றுமாறு செய்யலாம். காட்சிக்கும் அடைப்புக்குறி வேண்டும் என்பதே அதன் கருத்து.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது மிகவும் தேவை. ஊரை விட்டு வந்தவனுக்குப் பழம்பெருமை இனிக்கும். தொம்பலூர் என்னும் பெயரைக் கண்டதும் மாடமாளிகைகளைக் கற்பனையில் எழுப்பிவிடத் தோன்றும். அவ்வாறு எழுப்பிய பெருமை ஒரு கேள்விக்கு நில்லாது. நிலைக்கால் 2 கொடுத்த அழகியாரோ எந்தக் கேள்விக்கும் நிற்பார்.

சில மாதங்களுக்கு முன் என் மகளுக்கு ஒரு தமிழ்ச் சாசனத்தின் முப்பரிமாண உருவைக் கைப்பேசியில் காட்டினேன். அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். தமிழ் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிக் கூட்டுவாள். உருவை இப்படியும் அப்படியும் திருப்பியவள், "அப்பா, இது ககரம்தானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அடுத்த எழுத்தைக் கேட்டாள். அது எனக்கும் விளங்கவில்லை. தெரியாது என்று சொன்னேன். மறுவாரம் தொம்மலூர்க் கோயிலுக்குச் சென்று உண்மைக் கல்லின் முன் இருவரும் நின்றோம். திரையில் கற்ற ககரத்தை அவள் அங்கே தேடிக் கண்டாள்.

புதிய கருவியின் பயன் இதுவே. அது நம்மைத் திரையிலேயே நிறுத்திவிடாமல், கல்லை நோக்கி நடக்கச் செய்யவேண்டும். நீங்கள் மும்பையில் வாழினும் தில்லியில் வாழினும், உங்கள் தெருவுக்கு அருகிலும் இத்தகைய கல் ஒன்று இருக்கலாம். அது எம்மொழியில் அமைந்திருப்பினும், சென்று காணுங்கள். அதன்மேல் வர்ணம் பூசுவோரைக் கண்டால் பணிவோடு தடுத்துச் சொல்லுங்கள்.